லேத் மிஷினுக்கு ஒரு கல்யாண வீடியோ

போன புதன்கிழமை காலை, எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சுகன்யா இறங்கி வந்து எனக்கு ஒரு தடை உத்தரவு போட்டுவிட்டுப் போனார். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரனுக்குத் தடை போடலாமா? போடலாம். நான் செய்த காரியம் அப்படி.

ஒருவருடைய வெளிநாட்டு வேலையைக் கெடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? என் அனுபவத்தில் சரியாக மூன்று நிமிடம் நாற்பது விநாடி. பின்னணி இசையோடு.

நாலைந்து மாதம் முன்னால், சுகன்யாவின் கணவர் வேல்முருகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை படியில் தடதடவென்று இறங்கி வந்தார். மேலூர்ப் பக்கத்து ஆள். பசுமலையில் ஒரு ஒர்க் ஷாப்பில் பன்னிரண்டு வருடமாக லேத் ஓட்டுகிறார். சுழலும் இரும்பைக் கடைந்து, முடியளவுகூடக் கூடாமல் குறையாமல் பாகம் செய்து கொடுக்கும் வேலை. அதிகம் பேசமாட்டார். அன்று அவர் வந்த வேகத்தைப் பார்த்து, மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதாக்கும் என்று நினைத்தேன்.

"அண்ணே, போலந்துல இருந்து மெயில் வந்துருக்கு. வீடியோ கேக்குறாய்ங்க" என்றார்.

வெளிநாட்டில் ஃபேக்டரி வேலை, விசா கியாரண்டி என்று போஸ்டர் ஒட்டாத சுவர் சிம்மக்கல்லில் உண்டா? பசை காய்வதற்குள் அதில் இருக்கிற போன் நம்பர் செத்துவிடும். வேல்முருகன் அந்தப் பக்கமே போகவில்லை. கம்பெனிகளுக்கு நேரடியாக எழுதினார். இரண்டு வருடமாக எழுதினார். அவருடைய வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. சிக்கல் வேறு இடத்தில். கம்பெனியே தன் அரசாங்கத்திடம் போய், 'இந்த ஆள் எங்களுக்கு வேண்டும்' என்று சொல்லி ஒர்க் பர்மிட் வாங்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஸ்பான்சர். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர், பெண் பார்த்துவிட்டுப் போனவர்களைப் போல, ரொம்ப மரியாதையாகக் கைவிரித்தார்கள்.

வால்வு செய்கிற இந்தப் போலந்து கம்பெனி ஒன்றுதான் ஸ்பான்சர் செய்கிறோம் என்றது. ஒரே நிபந்தனை... அவர் மிஷினில் வேலை செய்வதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது.

வேல்முருகனுக்கு முப்பத்து நான்கு வயது. இங்கே ஒர்க் ஷாப்பில் ஃபோர்மேன் நாற்காலி முதலாளியின் மச்சினனுக்கு ரிசர்வ் ஆகி விட்டது. 'இதும் தட்டிப் போச்சுன்னா இனி எழுதவே மாட்டேங்கிறாருண்ணே' என்று சுகன்யா முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

நியாயமாக நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு செல்போனை எடுத்து ஆன் பண்ணியிருக்க வேண்டும். ஆனால் காதுகுத்துக்கே டிரோன் பறக்கவிடுகிற ஊர் இது. "வெளிநாட்டுக்காரன் பாக்குறது தம்பி, செல்போன்ல எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றேன். என் மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ராஜாமணிக்குப் போன் போட்டேன். பெரிய மனுஷத்தனம்.

ராஜாமணி இரண்டு கேமராவோடும் ஒரு குடை லைட்டோடும் ஒர்க் ஷாப்புக்கு வந்தார். எண்ணெய்க் கறை படிந்த நீல யூனிஃபார்மும் பாதுகாப்புக் கண்ணாடியுமாக நின்ற வேல்முருகனை மேலும் கீழும் பார்த்தார். "என்னண்ணே, மாப்பிள்ளை இம்புட்டு டல்லா இருக்காரு?" என்றார். தொழில் பழக்கம்.

அப்புறம் என்ன... சந்தனக் கலரில் முழுக்கைச் சட்டை வந்தது. கழுத்துக்குச் சங்கிலி, விரலுக்கு மோதிரம். "மிஷின்கிட்ட இதெல்லாம் போட மாட்டேண்ணே" என்று வேல்முருகன் இழுத்தார். "பத்து நிமிஷந்தானே தம்பி" என்று அடக்கினேன். சுகன்யா அன்று ஆஸ்பத்திரி லேபில் டூட்டி. இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

"அந்தக் கண்ணாடியக் கழட்டுங்க தம்பி, மூஞ்சியே தெரியலை." இதைச் சொன்னது ராஜாமணி இல்லை. நான்.

வீடியோ பிரமாதம். முதலில் பசுமலை மேல் சூரியன் உதிக்கிறது. வேல்முருகன் ஸ்லோமோஷனில் நடந்து வருகிறார். தங்க எழுத்தில் பெயர் விழுகிறது. இரும்புச் சுருள் பறக்கிறது, அது அப்படியே ரோஜா இதழாக மாறுகிறது. கடைசியில் எங்கோ பார்த்துச் சிரிக்கிறார். மேலூரில் அவருடைய மாமா மூன்று நாள் இதையே ஸ்டேட்டஸாக வைத்திருந்தார். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது என்ற நிபந்தனை யாருக்கு ஞாபகம் இருந்தது?

நாலாவது நாள் போலந்தில் இருந்து பதில் வந்தது. வீடியோ அழகாக இருக்கிறது. ஆனால் சங்கிலி, மோதிரம், முழுக்கைச் சட்டையோடு, கண்ணாடி இல்லாமல், சுழலும் சக்குக்குப் பக்கத்தில் நிற்பவரை எங்கள் தொழிற்சாலைக்குள் விடமாட்டோம். நன்றி.

சக் என்பது இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற பாகம். அதில் ஒரு சட்டைக் கை சிக்கினால் மிஷின் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். இது தெரியாமல் நான் ஒரு மனுஷனை அதன் பக்கத்தில் அலங்காரம் பண்ணி நிறுத்தியிருக்கிறேன்.

வேல்முருகன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பன்னெண்டு வருசத்துல ஒரு நா கூட மோதிரத்தோட மிஷின்கிட்ட போனதில்லண்ணே. அன்னைக்கித்தேன் போனேன்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் பழக்கம் விடுமா? இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் தயார் செய்தேன். மதுரையின் தொன்மையில் இருந்து ஆரம்பித்திருந்தேன். சுகன்யா அதை வாங்கிப் படித்தார். "கண்ணாடியக் கழட்டச் சொன்னது யாருண்ணே?" என்றார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் என் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, தன் போனில் மூன்று வரி தட்டினார். அவர் இப்படி வேலை செய்கிறவர் இல்லை. வீடியோவுக்காக நாங்கள் அலங்கரித்தோம். இன்னொரு முறை அனுப்ப அனுமதியுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை சுகன்யா லீவு போட்டார். வேல்முருகன் பழைய யூனிஃபார்ம், அரைக்கை, பாதுகாப்புக் கண்ணாடி. மோதிரம் சுகன்யாவின் பர்ஸில். கேமரா, சுகன்யாவின் செல்போன். நான் வாசலில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, சும்மா போய் நின்றேன்.

ஆறாவது நிமிடம் கரண்ட் போய்விட்டது.

"நிப்பாட்டும்மா, திரும்ப எடுப்போம்" என்றேன். சுகன்யா போனை இறக்கவில்லை. "வெட்டக் கூடாதுன்னுருக்காய்ங்கள்ல, பேசாம இருங்கண்ணே." இதுவும் பதிவாகிவிட்டது.

அந்த அரை இருட்டில் வேல்முருகன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரண்ட் வந்ததும் மிஷின் தானாக ஓடிவிடாதபடி முதலில் ஸ்விட்சை அணைத்தார். வெட்டும் டூலை இரும்பில் இருந்து பின்னுக்கு இழுத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலு நிமிடம். கரண்ட் வந்தது. ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு மறுபடி மிஷினை ஓட்டி, மிச்ச வேலையை முடித்தார். வீடியோவில் ஒரு லாரி ஹாரன், வாசல் ஓரத்தில் நானும் என் இருமலும், பாதி இருட்டு. ரோஜா இதழ் ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை பதில் வந்தது. கரண்ட் போனதும் அவர் முதலில் செய்த காரியத்தைப் பார்த்தோம். பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறோம், பாஸ்போர்ட் நகல் அனுப்புங்கள். அடியில் ஒரு வரி: வாசலில் நின்று இருமுகிறவருக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கவும்.

வேலை செய்கிற கோலத்தில் நம்மை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஏன் இவ்வளவு கூச்சம் நமக்கு? வேலை கொடுக்கிறவனிடம்கூட விருந்தாளி வேஷத்தில் போய் நிற்கிறோம். அவன் கேட்டது கறை படிந்த அந்தச் சட்டையைத்தான்.

பர்மிட் போன வாரம் வந்துவிட்டது. இனி விசா. புதன்கிழமை சுகன்யா அதைக் காட்டத்தான் வந்தார். வாங்கிப் படித்தேன், கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடமே என் வாய், "அடுத்து விசாவுக்குப் போட்டோ எடுக்கணுமேம்மா... தம்பிக்கு அந்தச் சந்தனக் கலர் சட்டை..." என்று ஆரம்பித்துவிட்டது.

சுகன்யா பர்மிட்டை வாங்கிக் கவரில் பத்திரமாக வைத்தார்.

"எடுக்கத்தேன் போறோம். கோவிச்சுக்கிடாதீங்கண்ணே... நீங்க மட்டும் வந்துறாதீங்க."