சுருவிலுக்கு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போன கதை

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க யோசிக்கிறேன், என்னத்தைப் பார்க்க வேணும் என்று எழுதிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். இந்த முறை, 1986 மாசியில் நான் வாங்காமல் திரும்பிய ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன். சந்தோஷமான பயணம் இல்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலை. கார் விஷயத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு வேறு. தீவுப்பக்கம், சுருவிலில், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை திறக்கிற சிவப்புக் கார் விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் அடுத்த சனிக்கிழமையே வெளிக்கிட்டேன்.

காலை 7.10க்கு ஊர்காவற்றுறை பஸ். மூன்று ரூபாய் ஐம்பது சதம். தீவுக்குப் போகிற பண்ணைப் பாலத்தடியில் ஆமிக்காரர் எல்லாரையும் இறக்கிச் சோதித்ததில் நாற்பது நிமிடம் போனது. பையிலிருந்த காந்தத்தையும் ஸ்குரூட்ரைவரையும் வைத்து ஆயிரம் கேள்வி.

“சுருவிலுக்கு எதிலை இறங்க, அண்ணை?” என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“புளியங்கூடலிலை இறங்கி நடவும். கார் பாக்கவோ? தூசி தும்பு இல்லாத கார் அது.”

ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூட நடை. வழியில் பூட்டின வீடுகள் கனக்க.

வீட்டுக்கார அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. கார் அவவின் கணவருடையது. எண்பத்துமூன்று ஆடியில், கலவரத்துக்குச் சற்று முன், கொழும்புக்குப் போனவர், திரும்பவில்லை, ஒரு செய்தியும் இல்லை. “நான் வருமட்டும் காரைக் கழுவி வையும்” என்றுதான் கடைசியாகச் சொன்னாராம். அக்காவுக்கு வியாழக்கிழமை இந்தியாவுக்கு வள்ளம். அதற்குள் காரை ஓடக்கூடிய ஒருவர் கையில் கொடுத்துவிட வேணும். “நிண்ட இடத்திலை விட்டிட்டுப் போக மனம் வரேல்லை, தம்பி” என்றா.

பெயின்றில் முகம் பார்க்கலாம். நான் அதில் மயங்கவில்லை. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே ஸ்டார்ட் பண்ணினேன். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ ஒளிக்கிறார் என்று எடுங்கள். நீலப் புகை இல்லை. எஞ்சின் நம்பரும் புத்தகமும் ஒத்துப்போயின. காந்தத்தைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி உடம்பெல்லாம் வைத்தேன். ஓட்டையைப் பூச்சால் அடைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. இதில் எங்கும் ஒட்டியது. வாங்குவதென்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

பிறகு காருக்குள் கால்விரிப்பைத் தூக்கி ஸ்குரூட்ரைவரால் அமத்தினேன். கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. கதவுக்குக் கீழ்ப்பட்டை, அடிச்சட்டம், எங்கே குத்தினாலும் துருப்பிடித்த கறள் உதிர்ந்து கொட்டியது.

அவ பார்த்துக்கொண்டு நின்றா. “காசு வேண்டாம். சும்மா கொண்டுபோம்.”

“ஏலாது அக்கா. பண்ணைப் பாலம் வரைக்கும் வராது. நடுவாலை முறியும்.”

கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். சவர்க்காரம் எவ்வளவு தேய்த்தும் நுரைக்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உவர். குடிதண்ணீர் அந்த ஊருக்கு வண்டிலில் வெளியிலிருந்துதான் வருகிறது.

“உந்தத் தண்ணியிலையோ காரைக் கழுவினனீங்கள்?”

“ஓம். ஒரு நாளும் விடேல்லை. அடியிலையும் வாளியாலை அடிச்சு ஊத்துவன். பிறகும் ஏன் தம்பி இப்பிடி?”

என் வாய் சும்மா கிடக்காது. “அதாலைதான் அக்கா போச்சுது. கழுவாமல் விட்டிருந்தால் இருந்திருக்கும்.”

“இரண்டரை வருஷம்” என்றா. பிறகு, “உம்மை வீணா மினக்கெடுத்திப்போட்டன்” என்று சொல்லி, அந்த வண்டில் தண்ணீரில் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தா. குடிக்க முடியவில்லை, குடித்தேன். 12.40 பஸ்ஸில் திரும்பினேன். வியாழக்கிழமை அவ வள்ளம் ஏறினாவோ, கார் என்னவானதோ, தெரியாது.

போகிறவர்கள் காந்தம், ஸ்குரூட்ரைவர், ரோச்லைட் மூன்றும் கொண்டு போங்கள். எஞ்சினைத் திருத்தலாம், பெயின்ற் அடிக்கலாம், அடிச்சட்டம் போனால் கார் போனதுதான். அதனால் கால்விரிப்பை முதலில் தூக்குங்கள். எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

“கடற்காற்று, அக்கா, தீவிலை எந்த இரும்பு நிற்கும்” என்று அண்டைக்குச் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அவ நம்பியிருப்பா.