சுரண்டினால் எட்டிப் பார்க்கும்

மரத்தடியில் நின்று நகத்தால் பட்டையைச் சுரண்டுகிறார் அக்கா. மேலே பொந்தில் முட்டை இருந்தால், அடைகாக்கும் மரங்கொத்தி பாம்பு ஏறுகிறதோ என்று பதறித் தலையை நீட்டும். ஒரு தலையும் நீளவில்லை. "ம்ஹும், இன்னைக்கும் இல்ல" என்று பிடரியைத் தேய்த்துக்கொள்கிறார். அண்ணாந்து அண்ணாந்தே கழுத்து பிடித்துவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கண் கூரையில்தான் இருக்கும்.

பறவை ஆய்வு நிலையத்தில் கூடு பார்ப்பது அவர் வேலை; அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. இந்த மரங்கொத்திகள் கூட்டுக்குடும்பக்காரர்கள். வளர்ந்த மகன் தனிக்குடித்தனம் போகாமல், தம்பி தங்கைகளுக்குப் புழு ஊட்டுவான். "நம்ம வீட்டு மூத்தவனுங்களைக் கூட்டிட்டு வந்து காட்டணும்" என்று வருகிறவர்களிடம் கேலி பேசுவார். போன மழைக்காலத்தில் அப்பன் பறவையைப் பருந்து தூக்கிப்போனதோடு அந்தக் கேலி நின்றுபோனது.

இந்தக் காட்டில் மிச்சம் அந்தத் தாயும் மகனும்தான். மகன் மாங்கு மாங்கென்று பொந்தைச் சீர்செய்கிறான். தாயோடு சேரமாட்டான்; துணை தேடி வெளியேயும் போகமாட்டான். எங்கிருந்தோ தப்பித்தவறி வந்த ஓர் ஆண் பறவையையும் துரத்தியடித்துவிட்டான்.

"போய்த் தொலையேன்டா! நீ இருக்கிறதாலதான்டா ஒண்ணுமே நடக்கல!" என்று ஒருநாள் மரத்தைப் பார்த்துக் கத்தினார் அக்கா. கூட வந்த ஜீப் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் மகனை அவருக்கும் தெரியும். அப்பா இறந்த பிறகு, வந்த வேலைகளையெல்லாம் உதறிவிட்டு அம்மாவோடேயே இருப்பவன்.

"உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா?" என்பான் மகன். பாத்திரம் துலக்குவான், அவர் பிடரியில் தைலம் தேய்ப்பான். கல்யாணப் பேச்சை எடுத்தால் காதில் விழாததுபோல் எழுந்து போய்விடுவான். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று தெருவே மெச்சுகிறது. அக்காவுக்கு அழுகைதான் வருகிறது. தலையில் நரை விழுந்துவிட்டது அவனுக்கு.

இன்று காலை, வெளியூர் வேலை ஒன்றில் சேர அவனுக்கு பஸ். அவனை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் அக்காவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பெட்டியை அவரே அடுக்கி வைத்து, "நான் வர்றப்போ நீ இங்க இருக்கக் கூடாது, ஆமா" என்று சொல்லிவிட்டுத்தான் காட்டுக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. சாவி பையில்தான் இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. ஒரு தலையும் நீளக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நகத்தால் கதவை மெல்லச் சுரண்டினார்.

கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"வந்துட்டியாம்மா? கழுத்து எப்படி இருக்கு?"

அக்கா மறுபடியும் கதவைச் சுரண்டினார்.