போகியில் எரிந்த ஃபைல்

போன வாரம் நண்பன் ஜீவாவோடு விழுப்புரத்தில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனேன். செஞ்சி கடைவீதியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு லிம்போமா — நெறிகட்டும் இடங்களில் வரும் புற்றுநோய். கீமோ கொடுத்துக் குணமாகிவிட்டது. இப்போது ஒரு மாதமாக அசதி. ரத்தம் வேறு குறைந்திருந்தது.

டாக்டரின் முதல் கேள்வி: "அப்போ என்னென்ன மருந்து ஏத்தினாங்க? ஃபைல் எங்கே?"

ஜீவாவின் மனைவி மல்லிகா தலையைக் குனிந்துகொண்டார். "போகி அன்னிக்குப் பழைய சாமானோட அதுவும் போயிடுச்சி சார். நான்தான் பாக்காம கொளுத்திட்டேன்..."

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. என்றைக்கோ ஏற்றிய மருந்து இன்றைக்கு எதற்கு? கேட்டே விட்டேன்.

"புற்றுநோயைக் கொல்ற சில மருந்துங்க எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கும். ரொம்பச் சிலருக்கு, வருஷங்கள் கழிச்சு, அதனாலேயே ரத்தப் புற்றுநோய் வரலாம். எந்த மருந்து, எவ்வளவு, ரேடியேஷன் கொடுத்தாங்களா... இதையெல்லாம் பொறுத்தது."

மருந்தே நோய் தருமா? அப்புறம் ஏன் கொடுத்தார்கள்?

"அன்னிக்குக் கொடுக்கலைன்னா, இன்னிக்கு இவர் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டார்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மல்லிகா உடைந்துவிட்டார். "எல்லாம் என்னாலதான்ணா..."

நல்லவேளை, பழைய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் விவரம் இருந்தது. ரத்தத்தை மறுபடி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து ரிசல்ட் — இரும்புச்சத்துக் குறைவு, அவ்வளவுதான்! எனக்கே கண் கலங்கிவிட்டது. "ஆனா வருஷா வருஷம் ரத்தம் பார்த்துடணும்" என்றார் டாக்டர்.

மல்லிகா மாத்திரை வாங்கப் போனார். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஜீவா மெதுவாக ஆரம்பித்தான்.

"அந்த ஃபைலைப் போகிக் குப்பையில சொருவினது நான்தான்டா. கடைசிப் பக்கத்துல டாக்டர் சொன்ன இதெல்லாம் எழுதியிருந்துச்சி. படிச்சதுல இருந்து தூக்கமே வரல. கண்ல படாம இருந்தாப் போதும்னு ஆயிடுச்சி."

"மல்லிகாகிட்ட சொன்னியா?"

"ஐயோ... நீயும் சொல்லிடாத."

பயம் வந்தால் மனுஷன் காகிதத்தின் மேல்தான் பாய்வான் போலிருக்கிறது. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அதனால் எரியவிட்டதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் மூன்று நாள் ஒருத்தி அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தானே... அதில் கோபம் உண்டு. நிறையவே உண்டு.

வாயைத் திறக்க மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். இந்த நிமிஷம் வரை திறக்கவில்லை.

மல்லிகா நான் எழுதும் இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர்.