ஆர்பர் முடிச்சு

போன வாரம் பீரோவைத் துடைக்கும்போது சின்னவள் கையில் ஒரு நீலத் துணித்துண்டு அகப்பட்டது. உள்ளங்கை அகலம்தான். நடுவில் பொடிக் கிளிஞ்சல் ஒன்றை வைத்து நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். மந்திரித்த முடிச்சோ என்று நினைத்து அவள் ஊக்கால் குத்தி அவிழ்க்கப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து வந்த உங்கள் அம்மா அதை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். ஏன் என்று என்னைக் கேட்டீர்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். பிழையிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் ஒற்றை அறையில் இருந்தோம். கப்பலில் ஏறும் சரக்கைக் கயிறு போட்டுக் கட்டுவது துறைமுகத்தில், எங்கள் பேச்சில் ஆர்பரில், எனக்கு வேலை. பெரியவள் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கல்யாணத்தன்று கோயிலில் உடுத்திய வெள்ளைப் புடவையைத்தான் தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் தாய் உடுத்த வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதில் மிகவும் கண்டிப்பானவள் என் அக்கா, உங்கள் பெரியத்தை. ஞானத்தாயும் அவள்தான். திருவொற்றியூரிலிருந்து வந்து இறங்கியதும் பிள்ளையைப் பார்க்கிறாளோ இல்லையோ, புடவையைப் பார்ப்பாள் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நான்கு நாள் முன்பே புடவையை அலசிப் போட்டாள். கொடிக்கயிறு இற்றுப்போயிருந்தது. உதவி செய்கிறேன் என்று நான் துறைமுகத்தில் கழித்துப்போட்ட இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் இழுத்துக் கட்டியிருந்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் புடவையின் நீளத்துக்கும் ஒரு துருக்கோடு. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். மங்கியதே தவிர மறையவில்லை.

அவள் அழவில்லை. மடியில் புடவையைப் போட்டுக்கொண்டு துருக்கோட்டின் நீளத்தை விரலால் அளந்தாள். பிறகு, வண்ணாரப்பேட்டைக் கடையில் தொங்கும் சுங்குடிப் புடவையில் அந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் எப்படி வருகிறது என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. கட்டிவைத்த இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் என்று அவளே சொன்னாள். வெறும் சாயம் போட்டால் கறை அடியில் தெரியும், புள்ளி இருந்தால் கண் புள்ளிக்குப் போகும் என்பது அவள் கணக்கு. நீலம் மாதாவின் நிறம், நாத்தனாரும் வாய் திறக்க முடியாது.

சனிக்கிழமை இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து கட்டினோம். கறையின் மேல் கட்டக்கூடாது, பக்கத்தில்தான் கட்ட வேண்டும் என்று ஒரே ஒரு சட்டம் போட்டாள். துணிக்குள் ஒரு பொடிக் கிளிஞ்சல், அதைச் சுற்றிப் பூக்காரி பூத் தொடுக்கிற மாதிரி நூலால் இரண்டு சுற்று, ஒரு சுருக்கு. அவள் கை ஓடிக்கொண்டே இருந்தது. நானோ தெரிந்த தொழிலைக் காட்டினேன். நான் கட்டின எதுவும் இதுவரை கடலில் அவிழ்ந்ததில்லை என்று பெருமை வேறு பேசினேன்.

“இன்னாய்யா, கப்பலயா கட்டிக்கினு கீற? பொடவ எங்க ஓடிடப் போவுது?” என்றாள்.

சாயப் பொட்டலத்தையும் ஒரு பிடி உப்பையும் அண்டாவில் கொதிக்கவிட்டு முக்கி எடுத்தோம். இந்த முறை கம்பியில் போடவில்லை. வாசலில் பாய் விரித்து அதன்மேல் உலர்த்தினோம்.

ஞாயிறு காலை அவள் சுருக்கை இழுக்க இழுக்க, நீலத்தில் ஒவ்வொன்றாக வெள்ளைப் பூ விழுந்தது. கறை எங்கே என்று எனக்கே தெரியவில்லை. என் முடிச்சுகள் மட்டும் அசையவில்லை. கொதித்த தண்ணீரில் நூல் ஊறி, காய்ந்து, துணியைக் கவ்விக்கொண்டிருந்தது. நகத்தால் பார்த்தேன், பல்லால் பார்த்தேன். பதினோரு முடிச்சு. கோயில் மணி அடித்துவிட்டது. பிளேடை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓட்ட வுயுந்துடும். கறைய மறைக்கப் போயி கிழிசலோட நிக்கணுமா? ஆர்பர ஆர்பர்லயே வுட்டுட்டு வரத் தெரியாதா உனுக்கு?”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். முடிச்சுப் பக்கத்தை உள்ளே தள்ளிக் கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு, “கொளந்தைக்கு முந்தி பொடவைக்கு ஞானஸ்நானம் ஆயிடிச்சி, வா போலாம்” என்றாள்.

தண்ணீர் ஊற்றி முடிந்ததும் அக்கா பிள்ளையை அம்மா கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் விரல் கொசுவத்தில் இடறியது. குனிந்து ஒரு மடிப்பை விலக்கினாள். நான் தூண் பக்கம் பார்த்தேன்.

“வெள்ளப் பொடவ எங்க?”

“இதான் அண்ணி. துரு புட்ச்சிடிச்சி, சாயம் போட்டுட்டேன். இது உங்க தம்பி போட்ட முடிச்சு, அவுர மாட்டேங்குது.” மறைக்காமல் சொன்னாள்.

அக்கா முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். “இவன் கட்டுனதா? அவுராது. வுட்டுடு” என்றாள். பிறகு தானே அந்த மடிப்பை உள்ளே செருகிவிட்டாள்.

அதற்கப்புறம் நீங்கள் மூன்று பேரும் தூங்கியது அந்தப் புடவையில் கட்டிய தூளியில்தான். முடிச்சைப் பிடித்து நெருடிக்கொண்டேதான் மூவரும் தூங்குவீர்கள். துவைக்கத் துவைக்க நூல் இற்றுப் பத்து முடிச்சும் தானாக விட்டுப்போயின. புடவையும் கிழிந்தது. மிஞ்சிய ஒன்றை அம்மா சுற்றிலும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

வயதாகி இப்போது என் விரலில் பிடி இல்லை. சட்டைப் பொத்தானுக்கே அவளைக் கூப்பிடுகிறேன். சின்னவளே, அந்தத் துண்டை இனி ஊக்கால் குத்தாதே. கறையும் சாயமும் படாத கல்யாணப் புடவை, அந்த முடிச்சுக்குள் இன்னும் ஒரு நகக்கண் அளவுக்கு வெள்ளையாகவே இருக்கிறது.