சாயம் போகாது என்று விற்பவள்

வானத்தில் சூரியன் ஒன்றுதான். சாலைக் கடைத்தெருவில் மாடம்மாள் ஒருத்திதான். அவள் பேசத் தொடங்கினால் சங்குமுகம் கடலே அலையை நிறுத்திவிட்டு வந்து ஒரு சேலை எடுத்துக்கொண்டு போகும். உலகத்தில் இதுவரை விற்ற சேலைகளில் பாதி அவள் வாயால் விற்றவை என்று நிபுணர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். மீதிப் பாதி, அவள் லீவு போட்ட நாட்களில் விற்றவை.

அப்பேர்ப்பட்டவள் சொந்த வீட்டுக்குள், சொந்தப் புருஷனிடம், ஓசியில் கிடைக்கிற ஓர் ஊசியை விற்க முடியாமல் தவித்தாள்.

மாடம்மாளுக்கு ஊர் வள்ளியூர்ப் பக்கம். கல்யாணமான கையோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவள். மணக்காட்டில் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறாள். புருஷன் தங்கபாண்டி கான்கிரீட் வேலைக்காரர். அவள் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் சேலை விற்க நாலைந்து பெண்கள் உண்டு. திரும்பி வருகிற சேலைக்குத்தான் மாடம்மாள். சாயம் போச்சு, ஜரிகை கறுத்துப்போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறவர்களை அவளிடம் அனுப்புவார்கள். வந்தவர்கள் போகும்போது தப்புத் தங்கள் மேல்தானோ என்று யோசித்துக்கொண்டே போவார்கள். சிலர் இன்னொரு சேலையும் எடுத்துக்கொண்டு போவார்கள். கடையில் ஒரு வழக்கம் உண்டு: சாயத்துக்கு கேரண்டி என்று வாயால் எத்தனை முறையும் சொல்லலாம். பில்லில் மட்டும் எழுதக் கூடாது.

விழிஞ்ஞத்தில் வேலைக்குப் போன இடத்தில், டீக்கடை வாசலில், தங்கபாண்டியின் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து ஒரு நாய் கவ்வியது. யார் வீட்டு நாயென்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவுமில்லை. அவர் மஞ்சளைச் சுண்ணாம்பில் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் சிமெண்ட் சுமந்துவிட்டு வந்தார்.

பல் பதிந்த இடத்தைப் பார்த்ததும் மாடம்மாள் போனை எடுத்தாள். வார்டில் வீடு வீடாக வந்து உடம்பு விசாரிக்கிற ஆஷா சுகாதார ஊழியர் ரேஷ்மியைக் கூப்பிட்டாள்.

"சேச்சி, முதல்ல பைப்பைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க. அப்புறம் இன்னிக்கே ஊசிக்குப் போணும், கேட்டோ" என்றாள் ரேஷ்மி. "வெறிநாய் விஷம் நரம்பு வழியா மூளைக்குப் போகும். நோய் வெளிய தெரிஞ்சிட்டா பின்னே ஒரு மருந்தும் இல்ல. அதுக்கு முன்னாடி போட்டாத்தான் ஆளு பிழைக்கும்."

கழுவுவதற்குத் தங்கபாண்டி காலைக் காட்டினார். ஊசிக்குக் கிளம்பும் நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஷிபு வந்தான்.

ஷிபு ஆட்டோ ஓட்டுகிறவன். ஒருநாள் சாரத்திலிருந்து தங்கபாண்டி விழுந்தபோது தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஓடி, வாடகை வாங்காமல், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தவன். அதனால் தங்கபாண்டிக்கு அவன் வாக்கு வேதவாக்கு. ஷிபுவின் அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். ஏன் போனாள் என்று அவனுக்குப் புரியும்படி ஒருத்தரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் போனில் வருகிற வீடியோக்களின் குரல்கள்தான் அவனுக்கு டாக்டர்.

"அண்ணாச்சி, கழுவியாச்சல்லோ? அது மதி, அது போதும். ஊசி ஒண்ணும் வேண்டா" என்றான்.

"போடலன்னா உசுரு போயிரும்னு ரேஷ்மி சொல்லுதா" என்றாள் மாடம்மாள்.

"அவளுக்கு மேல இருந்து சொல்லிப் படிப்பிச்சு விடுறாங்க. கம்பெனிக்காரனுக்கு ஊசி விக்கணும். வெளிநாட்டுல ஒரு பெரிய டாக்டர் சொல்லியிருக்கார், பேய்நாய் விஷம்னே ஒண்ணு இல்ல, பயம்தான் நோய்னு."

"அவரு பேரு என்ன?"

"பேரு... பெரிய ஆளு. அவர் பேசுன வீடியோவையே நீக்கியாச்சு. எதுக்கு நீக்கணும்? ஆலோசிச்சு நோக்கு சேச்சி. ஊசி போட்டும் ஒரு கொச்சுப் பிள்ளை செத்துப்போச்சே, அறியாமோ?"

தங்கபாண்டி போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டார்.

விடிந்ததும் அவள் ரேஷ்மியிடம் ஓடினாள். அந்தப் பிள்ளை ஏன் செத்தது என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு வந்து ஷிபுவிடம் சொன்னாள். தலைக்குப் பக்கத்தில் கடித்தால் சில நேரம் மருந்து வேலை செய்வதற்குள் விஷம் முந்திவிடும், அதனால்தான் சுணங்காமல் போகச் சொல்கிறார்கள், உடனே போனவர்கள் எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள் என்றாள்.

ஷிபு ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தான். "அப்போ நூறு சதமானம் உறப்பில்லல்லோ? உறப்பா, உறுதியா டாக்டரைச் சொல்லச் சொல்லு. நான்தன்னே வண்டில கொண்டுபோறேன்."

"அவன் கேக்கதும் ஞாயம்தானட்டி" என்றார் தங்கபாண்டி.

ஒரு கேள்விக்குப் பதில் கொண்டுவந்தால் கேள்வி எழுந்து அடுத்த திண்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், சோறு பொங்காமல் அடுப்பைப் பட்டினி போட்டுப் பார்த்தாள். காலில் நீர் கோத்து அவர் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். அந்தக் காலுக்குள் ஏதோ ஒன்று மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றியது. ஏறுகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. தெரிகிற நாளில் எல்லாம் முடிந்திருக்கும். லீவு கேட்டாள், முதலாளி கொடுக்கவில்லை. மறுநாளும் கடைக்குப் போனாள்.

அன்று மதியம் வித்துராவிலிருந்து ஓர் அம்மா சேலைப் பொதியோடு வந்தார். மகள் நிச்சயத்துக்குக் கட்டிய சேலை. அரக்கு நிறம் இறங்கி, சந்தன நிற ஓரமெல்லாம் திட்டுத் திட்டாகக் கிடந்தது. மாடம்மாளின் மனசு மணக்காட்டில் கிடந்தது. ஆனாலும் வாய் பழக்கப்பட்ட வாய் அல்லவா, தானாகவே ஓடியது.

"எந்த சோப்புக்கா போட்டீங்க? இதே சேலை மூட்ட மூட்டையாப் போயிருக்கு, ஒங்களுது ஒண்ணுதான் திரும்பி வந்திருக்கு. என் நாத்தனா இதே டிசைன்தான் கட்டுதா, ஒரு துளி போகல. பக்கத்துக் கடைக்காரன் பொறாமைல ஏதாச்சும் சொல்லியிருப்பான். ஒண்ணு கேக்கேன், எந்தத் துணிக்காவது நூத்துக்கு நூறு சாயம் போகாதுன்னு யாராவது..."

அதோடு வாய் நின்றது. தன் வாயிலிருந்து ஷிபுவின் குரல் வருவதை அவள் கேட்டாள்.

கையிலிருந்த சேலையை அப்படியே கவுண்டரில் வைத்தாள். "சாயம் போற சேலைதான்க்கா அது. வேற கேட்டு வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, முதலாளி கூப்பிடக் கூப்பிட இறங்கி நடந்தாள். ஓடினாள் என்றும் சொல்லலாம்.

வீட்டில் ஷிபு சாப்பாட்டு நேரத்துக்கு வந்து தங்கபாண்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மாடம்மாள் மூச்சு வாங்க எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க" என்றாள் புருஷனிடம். "ஒங்களுக்குத் தங்கச்சி உண்டுமா?"

தங்கபாண்டி பயந்துபோனார். "எனக்கு ஏதுட்டி தங்கச்சி? நான் ஒத்தப் பிள்ளைல்லா."

"கடைல உண்டு. எல்லாச் சேலையும் கட்டுவா, ஒண்ணுல கூட சாயம் போகாது. நான் உண்டாக்குன நாத்தனா அவ. ஷிபு சேட்டன் சொன்ன பேரில்லாத டாக்டரும் அவ கூடப் பொறந்தவருதான்."

"சேச்சி..." என்று ஷிபு தொடங்கினான்.

"இருங்க. கம்பெனிக்காரன் சதின்னிய. நான் பக்கத்துக் கடைக்காரன் பொறாமைம்பேன். செத்த ஒரு பிள்ளையச் சொன்னிய, பொழைச்ச பிள்ளைகளச் சொல்லல. நானும் ஒத்தச் சேலையக் காட்டித்தான் மூட்டைய விப்பேன். பதில் சொன்னா நூறு சதமானம் கேக்கிய. அது நான் கடைசில எடுக்கது. அதுக்கு மேல யாராலயும் பேச முடியாது, பேசுனதும் இல்ல. ரெண்டு நாளா என் பேச்சவே எனக்கு விக்கிய, எனக்கு அடையாளம் தெரியல."

ஷிபுவின் முகம் சுண்டிப்போனது. "நான் நல்லதுக்குத்தானே பறஞ்ஞது?"

"நல்லதுக்குத்தான். அதான் பயமா இருக்கு. நான் சம்பளத்துக்குச் சொல்லுதேன், எனக்குப் பொய்யின்னு தெரியும். நீங்க மனசாரச் சொல்லுதிய. ஒங்கள எப்படி எதுத்து ஜெயிக்க?"

பையைக் கிளறி ஒரு பழைய பில்லை எடுத்துத் திருப்பி, பேனாவோடு அவன் முன்னால் வைத்தாள்.

"எங்க முதலாளி கேரண்டிய வாயால சொல்லச் சொல்லுவாரு, எழுதிரப்படாதும்பாரு. எழுதினா மாட்டிக்கிடுவோம்லா. ஆஸ்பத்திரில தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, என்ன மருந்துன்னு எழுதித் தாராங்களாம். நீங்களும் எழுதுங்க. ஊசி வேண்டாம், அண்ணாச்சிக்கு ஒண்ணும் வராது, நான் பொறுப்புன்னு. நான் அப்புறம் வாயே திறக்கல."

ஷிபு பேனாவை எடுத்தான். மலையாளத்தில் 'தங்கபாண்டி' என்று எழுதினான். பேனா அங்கேயே நின்றது. கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான், வீங்கிய காலைப் பார்த்தான். பிறகு பேனாவைத் தரையில் வைத்தான்.

"எனக்கு உறப்பில்ல, அண்ணாச்சி" என்றான்.

தங்கபாண்டி அந்த ஒற்றைப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டைய எடுட்டி" என்றார்.

மாடம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கருங்கல் மாதிரி நின்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஷிபுதான் வண்டியை எடுத்தான்.

அரசு ஆஸ்பத்திரியில், இத்தனை நேரம் எங்கே போனீர்கள் என்று டாக்டர் திட்டினார். இரண்டு கையிலும் ஊசி, காயத்தைச் சுற்றி வேறொரு மருந்து. தங்கபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு ஷிபுவின் தோளைப் பிடித்திருந்தார். அட்டையில் அடுத்த தேதிகளை எழுதிக் கொடுத்தார்கள்.

"சார், ஒண்ணும் வராதுல்லா? உறுதியாச் சொல்லுங்க" என்று மாடம்மாள் கேட்டாள். கேட்ட பிறகுதான் தானும் ஷிபுவின் கேள்வியையே கேட்கிறோம் என்று உறைத்தது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "தாமசிச்சு வந்தீங்க. ஆனா வந்தீங்க. ஒரு தேதியும் விடாதீங்க. இதுக்கு மேல நான் சொன்னா அது பொய்."

அதை நம்புவதா, அதைக் கேட்டு நடுங்குவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். இந்த நோய் வந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகித் தவிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் புருஷன் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் இறங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

"நீ இப்படிப் பாத்தேன்னா எனக்கு விக்கிரும்டி" என்பார் அவர்.

ஊசியெல்லாம் போட்டு முடிந்தது. புண்ணும் ஆறிவிட்டது. டம்ளர் மட்டும் இன்னும் நிற்கவில்லை. கடையில் அவள் முழுசாகத் திருந்திவிட்டாள் என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நாத்தனார் இப்போதெல்லாம் சேலை கட்டுவதில்லை.

இந்தக் கதை இவ்வளவையும் மாடியில் குடியிருக்கும் அஜிதா எழுதி, கீழே வந்து வாசித்துக் காட்டினாள். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், தெருவில் ஒரு வீட்டு காலிங்பெல்லையும் சும்மா விடாதவள். மாடம்மாள் உள்ளி உரித்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"நிபுணர்கள்னு எழுதியிருக்கியே, எந்த நிபுணருட்டி? பேரச் சொல்லு."

"பேரு... எல்லாம் பெரிய ஆளுங்கக்கா."

"ம். நான் அழலன்னும் எழுதியிருக்க."

"கருங்கல் மாதிரின்னாத்தானக்கா கெத்தா இருக்கும்."

"வண்டி ஸ்டார்ட் ஆகுமுன்ன கொல்லைல பைப்பத் திறந்து விட்டுட்டு அழுதேன். நீ மாடிப்படில நின்னு பாத்த." மாடம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "நீயும் மூக்க உறிஞ்சிக்கிட்டுத்தான் நின்ன. ரெண்டையும் விட்டுட்டு, தோதான மடிப்ப மட்டும் வெளிய தெரியுற மாதிரி சேலை அடுக்க ஒனக்கு யாருட்டி சொல்லித்தந்தா?"