கதவடைத்த கிறிஸ்துமஸ்

நேற்று மழைக்கு ஒதுங்கிய கடையில் மரவள்ளிக் கிழங்குப் பணியாரம் தேங்காயெண்ணெயில் வெந்துகொண்டிருக்க, அந்த மணம் என்னைத் தூத்துக்குடிக் கடற்கரையில் நாங்கள் குடியிருந்த ஓலைவீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. இன்று அங்கே கிடங்குகள் நிற்கின்றன.

யுத்தக் காலத்து மார்கழி அது. விடாத தூறலில் ஓலையும் பாயும் துணியும் நசநசத்துக் கிடந்தன. அப்பா வேலைபார்த்த தோணி ஓட்டமில்லாமல் கரையேறிவிட்டது, அரிசியும் கிடைக்கவில்லை.

“இந்த வருசத் திருநாள சத்தங்காட்டாம வீட்டோட முடிச்சுக்கிடுவோம்” என்றார் அப்பா. அம்மா கிழங்கைத் துருவி, கருப்பட்டி சேர்த்து, பிள்ளைகளுக்கு மட்டும் போதுமான அளவு மாவு பிசைந்தாள்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது, வீடுவீடாகப் பாடி வருகிறவர்களின் மத்தளச் சத்தம் தெருமுனையில் கேட்டது. அவர்களைப் பலகாரம் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. அப்பா கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். அம்மா தங்கையின் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்பு வெளிச்சத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது.

“எண்ணெ காயுத மணம் வருதே, உள்ள ஆளு இருக்காவ” என்றது வெளியே ஒரு குரல்.

“அது அடுத்த வீட்டுலேருந்து வருதுலே. இவுக ஊருக்குப் போயிருக்காவ, வாங்க” என்றாள் பாடுகிறவர்களோடு வந்திருந்த அப்பாவின் அக்கா. அன்று காலையில்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துபோயிருந்தாள்.

மத்தளம் நகர்ந்தது. சட்டியிலிருந்த ஈடு கருகியதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் கோயில் வாசலில் அத்தை எப்போதும்போல அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா தலையை நிமிர்த்தவேயில்லை.