கண்டி என்று ஒரு விலாசம்

காலை ஏழே கால். பொல்காவலையில் வண்டி மாறிக் கண்டி ஸ்டேஷனில் இறங்கினேன். எனக்குக் காலில் சக்கரம் என்பார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் ஊரில் தங்கமாட்டேன். இந்த முறை ஊர் பார்ப்பதோடு ஒரு வேலையும் இருந்தது. மணப்பாறைக்கு அருகே எங்கள் ஊரில் அடுத்த வீட்டுக்காரி கருப்பாயி. அவள் புருஷன் செல்லையா தேயிலைத் தோட்டத்துக்குப் போய் நாலு வருஷம். போட்ட கடிதமெல்லாம் கிணற்றில் போட்ட கல். "இருக்காரா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வாங்க வாத்தியாரே. கூப்பிட்டா நான் போயிருவேன்" என்றாள். எங்கே இருக்கிறான் என்றேன். "கண்டியில" என்றாள். ஒரு ஊர்தானே, அரை நாளில் பிடித்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எட்டரை. ஏரியைச் சுற்றி இரண்டு மைல் நடந்தேன். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை வாசலில் வெள்ளை உடுத்திய சிங்கள யாத்திரிகர்கள் பூத்தட்டுகளோடு நின்றார்கள். எனக்கு நிற்கப் பொறுமையில்லை. நேரே தபாலாபீசுக்கு, அவர்கள் பேச்சில் தபால் கந்தோருக்கு, போனேன்.

அங்கிருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் சிரித்தார். "மாஸ்டர், இங்கிலீசிலை கண்டி எண்டால் இந்த டவுன் மட்டுந்தான். சிங்களவர் இதை மகநுவர எண்டு சொல்லுவினம், பெரிய நகரம். 'கந்த' எண்டால் அவையின்ரை பாசையிலை மலை. மலைநாட்டின்ரை பேரை வெட்டி வெள்ளைக்காரர் இந்த ஊருக்கு வைச்சிட்டினம். உங்கடை சனந்தான் மலை முழுக்கக் கண்டி எண்டு நினைக்குது."

"கண்டி என்று மட்டும் எழுதிய கடிதம் என்னவாகும்?"

"தோட்டத்தின்ரை பேர் இல்லாட்டி ஆரிட்டைக் குடுக்கிறது? அனுப்பினவரின்ரை விலாசமும் இல்லாட்டி அதோடை முடிஞ்சுது."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கருப்பாயி சொல்லச் சொல்ல அந்தக் கடிதங்களை எழுதியவன் நான். செல்லையா, கண்டி, சிலோன் என்று மணிமணியாக இங்கிலீஷில் விலாசம் போட்டவனும் நான்தான்.

பதினொரு மணி. கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியிடம் விசாரித்தேன். "தோட்டத்து ஆக்கள ஊர்ப் பேர வெச்சுத் தேட ஏலாது. கங்காணி ஆரு?" என்றார். ஆள் சேர்த்துக்கொண்டு போனவர் வீரமுத்துக் கங்காணி என்று கருப்பாயி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. "அவரா? அவர்ட ஆக்கள் கலஹாவுக்கு மேல ஈக்காங்க. ஒண்டரைக்கு பஸ் ஈக்கி."

ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறினேன். கலஹாவுக்கு ஏறக்குறைய பதினைந்து மைல், டிக்கெட் நாற்பது சதம். பேராதனை தாண்டி மலையேறும்போது பஸ் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது.

நாலரை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டுக் கத்தியோடு வந்த செல்லையாவைக் காட்டினார்கள். கருப்பாயி பெயரைச் சொன்னதும் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஊருக்குப் போன ஆளுககிட்ட ரெண்டு தடவ சொல்லிவிட்டேங்க. பதிலே வரல. கோவிச்சுக்கிட்டான்னு இருந்துட்டேன். வரச் சொல்லுங்க, குடியிருக்க லயத்துல ஒரு காம்பரா தருவாங்க" என்றான். தோட்டம், கங்காணி, கலஹா தபால் என்று முழு விலாசத்தையும் எழுதி, அவனுக்கு மூன்று முறை படித்துக்காட்டினேன். என் மனம் அன்றுதான் கொஞ்சம் ஆறியது.

நான்காம் நாள் நண்பகல் ஊர் திரும்பினேன். கருப்பாயி வீடு பூட்டிக் கிடந்தது.

"நீங்க போன மறுநாளே ஒரு கங்காணி ஆள் சேர்க்க வந்தாருங்க. முந்தாநாள் அவரோட போயிட்டா" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"எந்தத் தோட்டம்? கங்காணி பேர் என்ன?"

"அதெல்லாம் தெரியாதுங்க. கண்டிக்குத்தான். எம் புருசனும் கண்டியில, நானும் கண்டியில, எப்புடியும் பாத்துக்க மாட்டமான்னு சிரிச்சுக்கிட்டே போனா."

புது ஆட்களை மண்டபம் முகாமில் ஐந்தாறு நாள் வைத்திருந்துதான் கப்பலேற்றுவார்கள். அந்த முகாமைத் தாண்டித்தான் நான் வந்திருந்தேன். பையைக் கீழே வைக்காமல் ரயிலடிக்கு ஓடினேன்.